மரபணுவில் மறையும் மோசடி: பந்தயக் குதிரைக்கும் பள்ளி மாணவனுக்கும் யார் பொறுப்பு?

2024-ஆம் ஆண்டின் இறுதியில் அர்ஜென்டினாவில் ஐந்து குதிரைக் குட்டிகள் பிறந்தன. பரிசுகள் பல வென்ற போலோ புரேசா என்ற குதிரையின் குளோன்கள் அவை. குளோன் குதிரைகள் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2016-இல் அங்கு நடந்த போலோ இறுதியாட்டத்தில் அடோல்ஃபோ காம்பியாசோ என்ற புகழ்பெற்ற வீரர் ஒரே குதிரையின் ஆறு குளோன்களில் மாறி மாறி ஏறி விளையாடினார். இந்த ஐந்து குட்டிகளில் புதியது வேறொன்று. கருவாக உருவாகும் முன்பே க்ரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியைக் கொண்டு அவற்றின் ஒரு மரபணுவில் திருத்தம் செய்துவிட்டார்கள். தசை அளவுக்கு மீறி வளராமல் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் என்ற மரபணு அது. கடிவாளம் தளர்ந்தால் தசை கூடும், பாய்ச்சலில் வேகம் கூடும் என்பது கணக்கு.

இதைச் செய்த கெய்ரோன் நிறுவனம் எதையும் ஒளிக்கவில்லை. இயற்கையில் ஏற்கெனவே உள்ள ஒரு மரபணு வடிவத்தைத்தான் இன்னொரு குதிரைக்குள் கொண்டுவந்தோம், செயற்கையாக எதையும் புகுத்தவில்லை என்பது அவர்கள் வாதம். அர்ஜென்டினா போலோ சங்கத் தலைவரோ, இந்தக் குதிரைகளை ஆட்டத்தில் அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். நிறுவனமே வெளியில் சொன்னதால்தான் சங்கத்தால் மறுக்க முடிந்தது. சொல்லாமல் செய்திருந்தால்?

இந்தக் கேள்வியோடுதான் உலக விளையாட்டு அமைப்புகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வருகின்றன. ஆங்கிலத்தில் ஜீன் டோப்பிங் என்கிறார்கள். மரபணு ஊக்கமூட்டல் என்று தமிழில் சொல்லலாம். மாத்திரைக்கும் ஊசி மருந்துக்கும் பதிலாக, உடம்பே அந்த மருந்தைச் சுரக்கும்படி மரபணுவைப் புகுத்துவது அல்லது மாற்றுவது.

விஞ்ஞானக் கதை போலத் தோன்றினாலும் இதன் அடிப்படை நம் குடும்பங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய வேண்டுகோள்கள் நினைவிருக்கும். முதுகுத்தண்டுவட தசைநார் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்கு 16 கோடி ரூபாயில் ஒரே ஒரு ஊசி. ஜும்ஆவுக்குப் பின் துண்டை விரித்து வசூல் செய்த பள்ளிவாசல்களும் உண்டு. ஸோல்ஜென்ஸ்மா என்ற அந்த ஊசிக்குள் இருப்பது என்ன? உள்ளே இருந்தவற்றை நீக்கிவிட்டு வெறும் கூடாக்கப்பட்ட ஒரு வைரஸ். அந்தக் கூட்டுக்குள் குழந்தையிடம் பழுதாகிப்போன மரபணுவின் நல்ல பிரதி. வைரஸ் கூடு வண்டி, மரபணு சரக்கு. வண்டி நரம்பு செல்களுக்குள் போய்ச் சரக்கை இறக்குகிறது. குழந்தைக்கு இல்லாத புரதத்தை அதன் உடம்பே தயாரிக்கத் தொடங்குகிறது. அல்லாஹ் மனிதனுக்குக் கொடுத்த அறிவின் மகத்தான பயன்களில் ஒன்று இது.

இதே வண்டியில் வேறு சரக்கை ஏற்றினால் அது மோசடி. உதாரணம் இ.பி.ஓ. எனப்படும் எரித்ரோபொயட்டின். நம் சிறுநீரகம் சுரக்கும் இந்தப் புரதம்தான் இரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும்படி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவிடுகிறது. சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் கூடும், நெடுந்தூர ஓட்டத்தில் களைப்பு தள்ளிப்போகும். ஆய்வகத்தில் தயாரித்த இ.பி.ஓ.வை ஊசியாகப் போட்டுக்கொண்ட சைக்கிள் வீரர்களின் கதை ஊரறிந்தது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வந்தது. அதன்பின் குறுக்கு வழி தேடுவோரின் கண் மரபணுவின் பக்கம் திரும்பியது. இ.பி.ஓ. மரபணுவைத் தொடைத் தசைக்குள் இறக்கிவிட்டால் தசையே தொழிற்சாலை ஆகிவிடும். பையில் குப்பி இருக்காது, குப்பையில் சிரிஞ்ச் இருக்காது.

இந்த ஆசை எவ்வளவு விரைவாகப் பிறந்தது என்பதைப் பாருங்கள். 1998-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ஸ்வீனி, வயதான எலிகளின் தசை தளராமல் இருக்க ஐ.ஜி.எஃப்-1 என்ற மரபணுவைச் செலுத்திய ஆய்வை வெளியிட்டார். முதியோருக்கும் தசைநோய் உள்ள பிள்ளைகளுக்கும் உதவ வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆய்வு வெளிவந்ததும் அவரைத் தேடி வந்த அழைப்புகளில் விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். ஒரு பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் தன் அணிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதைச் செய்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். எலியில் மட்டுமே பார்த்த ஒன்றை, அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு!

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, 2002-இல் விஞ்ஞானிகளைக் கூட்டி இதை விவாதித்தது. 2003-இல் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2018 முதல் மரபணுத் திருத்தத்தையும் பெயர் சொல்லியே தடை செய்தது. குற்றம் நடக்கும் முன்பே சட்டம் வந்த அபூர்வமான சம்பவம் இது.

வெறும் அச்சம் இல்லை என்பது 2006-இல் தெரிந்தது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகர நீதிமன்றத்தில் தோமஸ் ஸ்ப்ரிங்ஸ்டைன் என்ற தடகளப் பயிற்சியாளர் மீது வழக்கு நடந்தது. அவருடைய மின்னஞ்சல்களை வாசித்தபோது ரெபாக்சிஜென் என்ற பெயர் வெளிவந்தது. இரத்தசோகை நோயாளிகளுக்காக பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பயோமெடிக்கா நிறுவனம் உருவாக்க முயன்ற மரபணு சிகிச்சை அது. வைரஸ் கூட்டில் இ.பி.ஓ. மரபணு, உடம்பில் ஆக்சிஜன் குறையும்போது மட்டும் அது வேலை செய்யும்படி ஓர் ஏற்பாடு. சந்தைக்கு வராத, மனிதர்களிடம் சோதித்தே பார்க்காத ஒன்று. அது கிடைப்பது கடினமாக இருக்கிறது என்று இந்தப் பயிற்சியாளர் எழுதியிருந்தார். அவர் கைக்கு அது கிடைத்தது என்பதற்கோ யாருக்கும் செலுத்தினார் என்பதற்கோ ஆதாரம் இல்லை. ஆனால் அவருக்கு எதற்காகத் தண்டனை கிடைத்தது என்பதைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். வயது வராத பிள்ளைக்கு ஊக்கமருந்து கொடுத்ததற்காக. அவர் வளர்ந்து வந்த பழைய கிழக்கு ஜெர்மனியில் இது அரசாங்கமே நடத்திய திட்டம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வைட்டமின் என்று சொல்லி நீல மாத்திரை கொடுத்தார்கள். குரல் தடித்து, உடல் மாறி, பின்னாளில் நோயாளிகளாகிப்போன பெண்கள் அதற்குச் சாட்சி.

மாத்திரையை நிறுத்தினால் அதன் வேலை மெல்ல நின்றுவிடும். புகுத்திய மரபணுவை நிறுத்த நமக்கு ஒரு சுவிட்ச் இல்லை. இ.பி.ஓ. மரபணுவைக் குரங்குகளுக்குச் செலுத்திய ஆய்வுகளில் சில குரங்குகளின் இரத்தம் கூழாகத் தடித்துவிட்டது. உயிரைக் காக்க அவ்வப்போது இரத்தத்தை வடித்தெடுக்க வேண்டியிருந்தது. வேறு சிலவற்றில் நேர்மாறாக நடந்தது. புதிதாக வந்த இ.பி.ஓ.வை எதிரி என நினைத்த உடம்பு, தன் சொந்த இ.பி.ஓ.வையும் சேர்த்து அழித்துவிட, அவை கடும் இரத்தசோகையில் விழுந்தன. மனிதர்களிலும் பாடம் உண்டு. 1999 செப்டம்பரில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது அமெரிக்க இளைஞர் மரபணு சிகிச்சை ஆய்வுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். வைரஸ் வண்டிக்கு எதிராக உடம்பு கொதித்தெழுந்து நான்கே நாளில் இறந்துபோனார். பெரிய பல்கலைக்கழகத்தில் மருத்துவர்கள் சூழ்ந்திருந்தபோது நடந்தது இது. ஜிம்மின் பின்னறையில் ஊசி போடுகிறவர் என்ன செய்வார்?

சரி, கண்டுபிடிக்க முடியுமா? முடியும், ஓரளவுக்கு. கலைப் பட்டதாரியான எனக்கு இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ளச் சில இரவுகள் பிடித்தன. புரிந்தபோது நினைவுக்கு வந்தது மத்ரஸாவில் ஓதிய கிதாபுகள்தான். பழைய கிதாபைத் திறந்தால் மத்ன் எனும் மூலம் ஒரே ஓட்டமாக இருக்காது. நான்கு சொல் மூலம், பிறகு இரண்டு வரி ஷரஹ், மறுபடி மூலம். விளக்கவுரைக்கு நடுவே மூலம் துண்டு துண்டாகக் கிடக்கும். உஸ்தாத் வாசிக்கும்போது எது மத்ன், எது ஷரஹ் என்று பிரித்துக்கொண்டே போவார். நம் உடம்பில் உள்ள மரபணுவும் இப்படித்தான். புரதத்துக்கான குறிப்பு துண்டு துண்டாக இருக்கும். இடையிடையே இன்ட்ரான் எனும் நீண்ட பகுதிகள் நிற்கும். இ.பி.ஓ. மரபணுவில் ஐந்து துண்டுகள், நடுவில் நான்கு இன்ட்ரான்கள். செல் தனக்குப் புரதம் வேண்டும்போது இன்ட்ரான்களை நீக்கிவிட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் படித்துக்கொள்கிறது.

மோசடிக்காரர் வைரஸ் வண்டியில் ஏற்றுவது ஷரஹ் நீக்கிய வெறும் மத்ன். வண்டியில் இடம் குறைவு என்பதால் தேவையானதை மட்டும் ஏற்றுவதே வழக்கம். இங்கேதான் அவர் மாட்டுகிறார். இரத்தத்தில் உள்ள மரபணுக்களை ஆராயும்போது முதல் துண்டின் கடைசி எழுத்தும் இரண்டாம் துண்டின் முதல் எழுத்தும் இடைவெளி இன்றி ஒட்டி நிற்கும் ஒரு பிரதி கிடைத்தால், அது பிறக்கும்போது வந்ததல்ல. அந்த ஒட்டை மட்டும் தேடிப் பெருக்கிக் காட்டுவது பி.சி.ஆர். சோதனை. கொரோனா காலத்தில் நம் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த மாதிரியை வைத்துச் செய்த அதே நுட்பம்தான். இ.பி.ஓ.வுக்கான இந்த முறையை உருவாக்கியதில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2021-இல் வாடா தன் ஆய்வகங்களுக்கு இதற்கென வழிகாட்டியே வெளியிட்டது. இன்னொரு தடயமும் உண்டு. சிறுநீரகம் சுரக்கும் இ.பி.ஓ.வின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை அமைப்பு வேறு, தசை சுரந்தால் வேறு. வாசகம் ஒன்றே, கையெழுத்து வேறு என்பது போல. குரங்குகளை வைத்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்.

ஆனால் சோதனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு கவனம் வேண்டும். குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கும் வாய்ப்பு இதில் உண்மையாகவே இருக்கிறது. ஈரோ மாண்டிரான்டா என்ற ஃபின்லாந்து பனிச்சறுக்கு வீரர் 1960-களில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர். அவருடைய இரத்தத்தில் சிவப்பணு அளவு மிக அதிகம். மோசடி செய்கிறார் என்ற பேச்சு அவரைத் தொடர்ந்து வந்தது. 1993-இல்தான் உண்மை வெளிவந்தது. இ.பி.ஓ.வின் உத்தரவை ஏற்கும் மரபணுவில் அவர் குடும்பத்துக்கே பிறவியில் ஒரு மாற்றம் இருந்தது. அண்மைக் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. கிழக்காசிய மக்களில் மிகச் சிலரிடம் இ.பி.ஓ. மரபணுவிலேயே ஒரு எழுத்து விடுபட்ட வடிவம் இருக்கிறது. அவர்கள் எந்த மருந்தும் எடுக்காமலேயே, புரதத்தை ஆராயும் வழக்கமான சோதனையில் ஊக்கமருந்து எடுத்தவர்களைப் போலத் தெரிகிறார்கள். சீன ஆய்வாளர்கள் இதை விளக்கிய பிறகு, சந்தேகம் வந்தால் மரபணுவையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என வாடா விதியைத் திருத்தியது. இந்தத் திருத்தம் வரும் முன் யாராவது தவறாகத் தண்டிக்கப்பட்டிருந்தால் அந்தப் பதக்கத்தையும் அந்த வயதையும் யார் திருப்பித் தருவது?

இதுவரை சொன்னது வெளியிலிருந்து ஒரு பிரதியைப் புகுத்தும் மோசடி பற்றி. அர்ஜென்டினாக் குட்டிகள் அந்த வகை அல்ல. அங்கே வெளிப் பிரதி எதுவும் இல்லை. இருந்த மரபணுவிலேயே திருத்தம் நடந்திருக்கிறது. வளர்ந்தவரின் உடம்பில் க்ரிஸ்பரைச் செலுத்தினால், கொஞ்ச காலத்துக்காவது அந்தக் கத்தரியின் தடயம் இரத்தத்தில் இருக்கும். அது பாக்டீரியாவிலிருந்து வந்த புரதம். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் அதைப் பிடிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. கருவிலேயே, அதற்கும் முன்பே திருத்திவிட்டால் கத்தரி கரைந்துபோயிருக்கும். உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரே சாட்சியைத்தான் சொல்லும். மூலப் பிரதியோடு ஒப்பிட்டால் தவிர மாற்றம் தெரியாது.

குதிரைக்கு மூலப் பிரதி இருக்கிறது. இங்கிலாந்தில் தோன்றி உலகெங்கும் ஓடும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளுக்கு வம்சப் பதிவேடு உண்டு. செயற்கைக் கருவூட்டலும் குளோனிங்கும் அந்தப் பதிவேட்டில் அனுமதி இல்லை. குட்டி பிறந்தால் தாய் தந்தை இன்னார் என்பதை மரபணு பார்த்து உறுதி செய்துதான் பதிவார்கள். ஆகவே குட்டியிடம் இருந்து தாயிடமும் தந்தையிடமும் இல்லாத ஒரு திருத்தம் தெரிந்தால் கேள்வி கேட்க முடியும். ஜப்பானின் பந்தய வேதியியல் ஆய்வகம் இந்தத் துறையில் முன்னணியில் நிற்கிறது. ஹாங்காங், பிரிட்டன் ஆய்வகங்களும் பல மரபணுக்களை ஒரே நேரத்தில் தேடும் முறைகளில் உழைக்கின்றன. சர்வதேசக் குதிரைப் பந்தயக் கூட்டமைப்பும் மரபணு ஊக்கமூட்டலைத் தடை செய்து, அதற்கெனத் தனிக் குழு வைத்திருக்கிறது. குளோன்களை ஏற்றுக்கொண்ட போலோவில் இந்த வேலி ஏற்கெனவே திறந்து கிடந்தது. அங்கே முதல் ஆட்டத்தைக் காண்கிறோம் என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

மனிதருக்கு இந்த வழி இல்லை. ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுக்க வரும் பிள்ளையின் தாய் தந்தையைக் கூப்பிட்டு இரத்தம் கொடுங்கள் என்று கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. மரபணு ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். நோய்களின் குறிப்பும் அதில்தான் இருக்கிறது. அப்படியானால் மிஞ்சுவது என்ன? ஒவ்வொரு வீரருடைய இரத்த அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கும் உயிரியல் கடவுச்சீட்டு. எடுத்த மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் உறையவைத்துக் காத்து, புதிய சோதனை வந்ததும் மறுபடி ஆராயும் ஏற்பாடு. 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் மாதிரிகளை இப்படித் திறந்து பார்த்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பின்னாளில் சிக்கினார்கள். இன்று தப்பிவிட்டோம் என்று நினைப்பவர் எட்டு ஆண்டு கழித்தும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்ற பயம்தான் இப்போதைக்கு உள்ள பலமான தடுப்பு.

குதிரைக்கு அந்தப் பயமும் இல்லை, விருப்பமும் இல்லை. வீரர் குறைந்தபட்சம் வேண்டாம் என்று சொல்ல முடியும். விலங்கிடம் யாரும் கேட்பதில்லை. மயோஸ்டாட்டின் கடிவாளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையிலேயே சாட்சிகள் உண்டு. பெல்ஜியன் ப்ளூ என்ற இறைச்சி மாடு அப்படிப்பட்டது. கன்றுகள் பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் பிறக்கின்றன. விப்பெட் என்ற ஓட்டப்பந்தய நாய் இனத்தில் நடந்ததை 2007-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் விளக்கினார்கள். பழுதான மயோஸ்டாட்டின் பிரதி ஒன்று இருந்தால் நாய் வேகமாக ஓடுகிறது. வளர்ப்பவர்கள் அத்தகைய நாய்களையே தேடித் தேடி இணைசேர்க்க, இரண்டு பழுதுப் பிரதிகளோடு குட்டிகள் பிறந்தன. உருண்டு திரண்ட தசை, தொடையிலும் தோளிலும் இழுப்பு. ஓடவும் உதவாத அவற்றைச் சில வளர்ப்பாளர்கள் பிறந்த கையோடு கொன்றுவிட்டதும் உண்டு. ஆய்வகமே தேவைப்படவில்லை, கோப்பை மீதான ஆசை போதுமானதாக இருந்தது. 2015-இல் சீனாவில் இதே மரபணுவை வெட்டி வேட்டை நாய்க் குட்டிகளையே உருவாக்கிவிட்டார்கள்.

இதில் நம்மவர்கள் ஒதுங்கி நின்று விரல் நீட்ட முடியாது. 2013-இல் துபாய் ஆட்சியாளருக்குச் சொந்தமான கோடால்பின் லாயத்தின் பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனி, தன் பொறுப்பில் இருந்த குதிரைகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்ததற்காக பிரிட்டனில் எட்டு ஆண்டுகள் தடை செய்யப்பட்டார். அது மரபணு அல்ல, பழைய பாணி மருந்து. ஆனால் வாயில்லா ஜீவனைக் கோப்பைக்காகப் பயன்படுத்தும் மனம் ஒன்றேதான்.

குதிரைப் பந்தயத்தில் நம் மரபு காட்டும் ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைகளை ஓடவிட்டதை இப்னு உமர் (ரலி) அறிவிப்பதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பயிற்சி கொடுத்து மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறக்குறைய ஒரு மைல். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. நிகரானது நிகரானதோடுதான் போட்டியிட வேண்டும் என்ற ஒழுங்கும், குதிரையின் சக்திக்கு மேல் அதை விரட்டக் கூடாது என்ற கவனமும் அந்தத் தூரங்களிலேயே இருக்கின்றன. (பந்தயத்தில் பணம் கட்டுவது வேறு விஷயம். அதன் சட்டம் எல்லோருக்கும் தெரியும்.)

மரபணு மருத்துவம் பற்றியும் மார்க்க அறிஞர்கள் மௌனமாக இருக்கவில்லை. 1998-இல் மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹ் கவுன்சில், நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்துவதை அனுமதித்தது. மனிதனின் படைப்போடு விளையாடுவதற்கு அதைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. 16 கோடி ரூபாய் ஊசிக்கும் ரெபாக்சிஜென்னைத் தேடிய பயிற்சியாளருக்கும் நடுவில் போகும் கோடு அதுதான். கோடு எப்போதும் இவ்வளவு துலக்கமாக இருக்காது என்பதும் உண்மை. கிழிந்த தசைநாணுக்கு மரபணு சிகிச்சை கொடுத்துக் குதிரையை ஆற்றுவது பற்றி ஆய்வுகள் நடக்கின்றன. அது சிகிச்சையா? நொண்டும் குதிரையை அடுத்த வாரப் பந்தயத்துக்கு அவசரமாகத் தயார் செய்வதா? அதே ஊசி, நோக்கம் மட்டும் வேறு. குதிரை மருத்துவரும் பந்தய அதிகாரியும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய இடம் இது. ஆய்வகத்தால் நோக்கத்தைப் பரிசோதிக்க முடியாது.

இந்தியாவில் மரபணு ஊக்கமூட்டல் வழக்கு எதையும் நாம் கேள்விப்படவில்லை. ஆனால் அது வந்து வேர்விடக்கூடிய மண் தயாராக இருக்கிறது. வாடா வெளியிட்ட 2023-ஆம் ஆண்டுக் கணக்கில், நம் நாட்டில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213-இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அதிகம் சோதிக்கும் நாடுகளில் இதுவே மோசமான விகிதம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின்போது, மைதானக் கழிப்பறையில் பயன்படுத்திய சிரிஞ்சுகள் கிடந்த காணொளி பரவியது. ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். உலகக் கோப்பையோ ஒலிம்பிக்கோ இல்லை, மாநிலப் போட்டி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடம், ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை, அதற்காகத்தான் இந்த ஊசிகள்.

சென்ற ஆண்டு ஜும்ஆ முடிந்து ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். பையன் மாவட்ட அளவில் 400 மீட்டர் ஓடுகிறான். கையில் ஒரு பவுடர் டப்பா. "ஹஜ்ரத், கோச் கொடுத்தாரு. உள்ள ஜெலட்டின் ஏதும் இருக்கா, ஹலாலான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். டப்பாவில் ஜெலட்டின் இல்லை. என்ன இருக்கிறது என்பதும் இல்லை. பெயர் ஒன்றும் சிங்கப் படம் ஒன்றும் மட்டும்தான். "பாய், இது ஹலாலான்னு கேக்குறதுக்கு முன்னாடி, இது என்னன்னு கோச்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை. கேட்டால் கோச் கோபித்துக்கொள்வாராம், பையனை அணியிலிருந்து எடுத்துவிடுவாராம். எனக்கு அந்த நேரத்தில் ஜெர்மனியின் நீல மாத்திரையும் தெரியாது, ரெபாக்சிஜென்னும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நேரம் பேசியிருப்பேன்.

மரபணு ஊசி நம் ஊருக்கு வரும் நாளிலும் அதன்மேல் மரபணு என்று எழுதியிருக்காது. சத்து என்றோ மீட்பு சிகிச்சை என்றோ எழுதியிருக்கும். பதினாறு வயதுப் பிள்ளையின் கையை நீட்டச் சொல்பவர் அவன் பெரிதும் மதிக்கும் மனிதராக இருப்பார். ஆகவே தடுப்பு வாடாவின் ஆய்வகத்தில் மட்டும் நடக்காது. ஊசி போடுபவர் பதிவு பெற்ற மருத்துவரா, எந்த நோய்க்காக, சீட்டில் எழுதித் தருவாரா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் தடைப் பட்டியல் இருக்கிறது. பிள்ளை வாங்கும் மருந்தின் பெயரை அதில் தேடிப் பார்க்கலாம். பெயரே இல்லாத டப்பாவை எதில் தேடுவது?

அர்ஜென்டினாவின் அந்த ஐந்து குட்டிகளுக்கு இன்னும் யாரும் ஏறும் வயது வரவில்லை. பயிற்சி முடிந்து ஆட்டத்துக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். போலோ சங்கம் கதவை மூடினாலும், குதிரை வளர்ப்போர் சங்கம் அவற்றைப் பதிவேட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று உடனே முடிவெடுக்கவில்லை. வளரட்டும், சில ஆண்டுகள் கவனித்துப் பார்ப்போம் என்கிறது. அதற்குள் அவை ஈனும் பருவத்துக்கு வந்துவிடும்.